போதிதருமரின் வாத்தியார்

ஒரு மேடையில் நான் சொன்ன பொய்யைப் பற்றி இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பொய் என்று தெரிந்து சொன்னதல்ல. உண்மைதானா என்று விசாரிக்காமல் சொன்னது. எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டவனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே குற்றம்தான்.

மதுரை மாட்டுத்தாவணிக்குப் பின்புறம், காய்கறி மார்க்கெட்டின் இரைச்சல் கேட்கிற தூரத்தில், ஒரு பொட்டல் இருக்கிறது. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கட்டும் நீளக் கயிறு. மாட்டுச் சந்தை கூடிய இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. 1999இல் வெளியூர்ப் பஸ் நிலையம் இங்கே வந்து சேர்ந்தது. மாடுகள் போய்விட்டன, பெயர் நிற்கிறது. அந்தப் பொட்டலில் மாலை வேளைகளில் முப்பது நாற்பது பிள்ளைகள் சிலம்பம் பழகுகிறார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் பெண் குழந்தைகள். வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டிய வயது. பகலில் பழ மண்டியில் கணக்கெழுதுகிறவர். ஆண்டு விழாவில் பரிசு வழங்க என்னை அழைத்திருந்தார்.

பரிசு வழங்குகிறவன் நாலு வார்த்தை பேச வேண்டும் அல்லவா? நானும் பேசினேன். "காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜகுமாரர் போதிதருமர் சீனாவுக்குப் போனார், ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு நம்முடைய அடிமுறையைக் கற்றுக் கொடுத்தார், இன்று உலகம் முழுவதும் குங்ஃபூ என்று கொண்டாடுவது உங்கள் கையில் இருக்கிற இந்தக் கம்பின் பிள்ளைதான்" என்றேன். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

கூட்டம் கலைந்தபின் வாத்தியார் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "ஐயா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீகளே? அவரு சீனாக்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தாரு, சரி. அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரு யாருன்னு எங்கேயாச்சும் போட்டிருக்காகளா?" என்றார்.

அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு அது சாதாரணக் கேள்வி. யாராவது கம்பு சுற்றுகிறான் என்றால், யாரிடம் பழகினான் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. என்னிடம் பதில் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரித்தேன். அந்த விசாரணையின் முடிவைத்தான் வாசகர்கள் முன் வைக்கிறேன். கூடவே, நான் இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தேனோ அந்தச் சினிமாப் படத்தைப் பற்றிய என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

படம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு'. ஏ. ஆர். முருகதாஸ் இயக்கியது; சூர்யா நடித்தது. தொடக்கத்தில் சுமார் இருபது நிமிஷம் போதிதருமரின் கதை வருகிறது. காஞ்சியிலிருந்து குதிரையேறிப் போகும் ராஜகுமாரர் சீனக் கிராமமொன்றில் கொள்ளைநோயைக் குணப்படுத்துகிறார்; கொள்ளையரை அடித்து விரட்டுகிறார்; ஊர்மக்களுக்கு மருத்துவமும் சண்டையும் சொல்லிக் கொடுக்கிறார்; கடைசியில் அவர்கள் வைத்த விஷத்தைத் தெரிந்தே உண்டு உயிர் விடுகிறார். சூர்யாவின் உடலும் கண்ணும் அந்தப் பாத்திரத்துக்கு மிகவும் பொருந்தியிருக்கின்றன. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பேர் போதிதருமர் என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார்கள். அந்த நன்மையை நான் மறுக்கவில்லை.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். போதிதருமரைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு, 547ஆம் ஆண்டையொட்டி யாங் சுவான்ழி என்ற சீனர் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அங்கே அவர் ஒரு பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியந்து நிற்கும் கிழத் துறவி. அவருடைய ஊர் பாரசீகம் என்று அந்த நூல் சொல்கிறது. அவருடைய உபதேசத்துக்கு முன்னுரை எழுதிய டான்லின், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். 645இல் துறவிகளின் வரலாறு எழுதிய தாவ்சுவான், தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். காஞ்சி என்று இன்று நாம் படித்துக்கொள்ளும் பெயர் பிற்காலத்து ஜென் நூல்களில்தான் வருகிறது. ஷாவோலினோடு அவர் பெயர் சேர்வதும் 8ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே, அவர் தெற்கத்தியர் என்பதற்கு இடமிருக்கிறது. அதற்கு மேலே போக இந்த ஏடுகள் நம்மை விடுவதில்லை. இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் அவர் யாரையும் அடித்ததாகவோ, அடிக்கக் கற்றுக் கொடுத்ததாகவோ ஒரு சொல் கிடையாது. அவர் கற்பித்தது சுவரைப் பார்த்து உட்கார்வது.

அப்படியானால் சண்டை எப்படி வந்து சேர்ந்தது? 1624ஆம் ஆண்டுத் தேதியிட்ட முன்னுரையோடு, தசைநார்களை மாற்றும் பயிற்சி பற்றிய ஒரு நூல் சீனத்தில் தோன்றியது. உடலை இரும்பாக்கும் வித்தையைப் போதிதருமர் விட்டுச் சென்றார் என்றது அது. நூலுக்குப் பழமை ஏற்ற, 628இல் லி ஜிங் என்ற தளபதி எழுதியதாக இன்னொரு முன்னுரையையும் சேர்த்திருந்தார்கள். அந்தத் தளபதி இந்த வித்தையை யாரிடம் பெற்றாராம்? சுருட்டைத் தாடி வீரர் ஒருவரிடம். அந்தத் தாடி வீரரோ தாங் காலத்துச் சிறுகதை ஒன்றில் வரும் கற்பனைப் பாத்திரம்! கதாபாத்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய துணிச்சலைப் பார்த்துக் கதை எழுதுகிறவனாகிய நானே அசந்து போனேன்.

பிறகும் அந்தக் கதை ஒரு மூலையில்தான் கிடந்தது. 1903க்கும் 1907க்கும் இடையே லியு எ என்ற எழுத்தாளர் 'லாவோ ட்ஸானின் பயணங்கள்' என்ற நாவலைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஷாவோலின் கைச்சண்டையைப் போதிதருமரோடு சேர்த்துப் பேசும் வழக்கம் ஊரறியப் பரவியது அதன் மூலமாகத்தான் என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். தாங் ஹாவ் என்ற சீன அறிஞர் 1930இலேயே இந்தக் கதையின் ஆதாரமின்மையை எடுத்துக் காட்டினார். 2008இல் மெயிர் ஷஹர் என்ற இஸ்ரேலிய அறிஞர் ஷாவோலினைப் பற்றி எழுதிய நூலில் கல்வெட்டும் ஏடும் கொண்டு இதை விரிவாக நிறுவியிருக்கிறார். ஒரு நாவலாசிரியர் அங்கே பரப்பியதை இன்னொரு நாவலாசிரியன் இங்கே மாட்டுத்தாவணியில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் படித்தபின், பௌத்தத்துக்கும் ஷாவோலின் பயிற்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் தவறு. சம்பந்தம் உண்டு. நாம் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஷாவோலின் மடம் 495ஆம் ஆண்டையொட்டி, பட்டோ என்று சீனர் அழைத்த இந்தியத் துறவிக்காகக் கட்டப்பட்டது. 621இல் அந்த மடத்துத் துறவிகள், பிற்பாடு சக்கரவர்த்தியாகப் போகிற இளவரசர் லி ஷிமினுக்காகச் சண்டையிட்டார்கள். அதற்குப் பரிசாகக் கிடைத்த நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள 728இல் கல்வெட்டு நாட்டினார்கள். பதின்மூன்று துறவிகளின் பெயர் அதில் இருக்கிறது. உயிர்க்கொலை கூடாது என்று விரதம் பூண்டவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். இது சின்ன விஷயமல்ல. அது அவர்கள் மனத்தை உறுத்தியிருக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லிவந்த கதைகளே சாட்சி.

செங்சோவ் என்ற துறவியின் கதையைப் பாருங்கள். அவர் பட்டோவின் மாணாக்கர் என்று சொல்லப்படுகிறவர். இளவயதில் மற்றப் பையன்கள் மல்லுக்கட்டி அவரைத் துன்புறுத்துகிறார்கள். அவர் வஜ்ரபாணி தெய்வத்தின் காலைக் கட்டிக்கொண்டு பலம் கேட்கிறார். தெய்வம் மாமிசத்தை நீட்டி, தின்னு என்கிறது. துறவி மாட்டேன் என்கிறார். தெய்வம் மிரட்டித் தின்ன வைக்கிறது, பலமும் வருகிறது. பலம் வேண்டுமென்றால் விரதத்தில் ஏதோ ஒன்று உடையத்தான் வேண்டும் என்பதை இதைவிட நேர்மையாக ஒரு மதத்தார் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கதை கம்பைப் பற்றியது. 16ஆம் நூற்றாண்டில் ஷாவோலினுக்குப் பெயர் வாங்கித் தந்தது கைச்சண்டையல்ல, கம்புதான். அந்தக் கம்பை அவர்களுக்குக் கொடுத்தவர் கின்னரர் என்ற தெய்வம் என்று 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டில் செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்தபோது, அதுவரை யாரும் கவனிக்காத ஒரு மடப்பள்ளி ஆள் கம்போடு எழுந்து மலையளவு வளர்ந்து அவர்களை விரட்டினானாம். உண்மையில் அந்தக் கலகத்தில் மடம் சூறையாடப்பட்டது என்கிறார் ஷஹர். தோல்வியை வெற்றியாக்கிய கதைதான் இது. ஆனாலும் அந்த வெற்றியை அவர்கள் ஒரு ராஜகுமாரனுக்குக் கொடுக்கவில்லை. சமையல்கட்டில் ஊழியம் செய்தவனுக்குக் கொடுத்தார்கள்.

மூன்றாவது செய்தி கதையல்ல. 1561ஆம் ஆண்டையொட்டி யூ தாயோ என்ற தளபதி ஷாவோலினுக்குப் போய்த் துறவிகளின் கம்பாட்டத்தைப் பார்த்தார். பழைய நுட்பமெல்லாம் போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார். துறவிகள் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரை அவரோடு அனுப்பி வைத்தார்கள். அவர்கள் பல வருஷம் அவரிடம் பழகித் திரும்பிவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் வித்தை எங்களுடையது என்று உலகப் புகழ் பெற்ற ஒரு மடம் சொல்லாமல், வெளியாளிடம் போய் மாணாக்கனாக உட்கார்ந்தது.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ட்ஸோங்யோ என்பவர் ஷாவோலின் கம்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். துறவியல்லாத அவர் அங்கே பத்து வருஷத்துக்கு மேல் பழகியவர். இப்போது துறவிகள் பலர் கம்பை விட்டுக் கைச்சண்டை பழகுகிறார்களே, ஏன் என்ற கேள்வியை அவரே எழுப்பிப் பதிலும் சொல்கிறார். கம்பாட்டம் ஞானத்துக்கு வழியாக முதிர்ந்துவிட்டது. கைச்சண்டை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதையும் அக்கரை சேர்க்கும் தோணியாக ஆக்கத்தான் அவர்கள் பழகுகிறார்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். பௌத்தம் அந்தப் பயிற்சிக்குச் செய்தது என்ன என்று யாராவது கேட்டால் நான் காட்டுகிற இடம் இதுதான். அடியை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்களா என்பது இரண்டாம் பட்சம். எதிரியை வீழ்த்துவதற்காக இருந்த ஒரு வேலையை, தன்னைத் திருத்திக்கொள்வதற்கான தினசரிச் சாதகமாக அது மாற்றியது.

இந்த வெளிச்சத்தில் 'ஏழாம் அறிவு' படத்தின் பிற்பகுதியைப் பார்க்கலாம். என்னுடைய உண்மையான புகார் அதன் மேல்தான். சரித்திரத்தை மாற்றியதற்காக ஒரு படத்தின் மேல் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்; கோபித்துக்கொண்டால் என்னுடைய நாவல்களில் பாதியை எரிக்க வேண்டியிருக்கும். படம் சொல்லும் கருத்து என்ன? இக்காலத்தில் சர்க்கஸில் வேலை செய்யும் அரவிந்தன் போதிதருமரின் வம்சத்தில் வந்தவன். அவனுடைய மரபணுவில் அவருடைய வித்தை உறங்குகிறது. ஆராய்ச்சிக்காரப் பெண் அதைத் தூண்டிவிட முயல்கிறாள். தூண்டினதும் ஆயிரத்தைந்நூறு வருஷத்து வித்தை அவன் கைகால்களில் வந்து இறங்கிவிடுகிறது. ஒரு நாள் பயிற்சியில்லை. ஒரு வாத்தியார் இல்லை. எதிரியாக வருகிற சீனனாவது எங்கேயோ கஷ்டப்பட்டுப் பழகியவன் என்பது அவனுடைய ஒவ்வொரு அசைவிலும் தெரிகிறது. படத்தில் பயிற்சியின் பெருமையைச் சுமப்பவன் வில்லன் ஒருவன்தான்!

பயிற்சி ஒன்றே உயிராக இருக்கிற கலையை, பிறப்பிலே வருகிற சொத்தாக ஆக்கியிருக்கிறார்கள். பிறப்பால் ஒருவன் உயர்ந்தவனாவதில்லை, செய்கையால் ஆகிறான் என்று சொன்னவர் புத்தர். போதிதருமரை முதல்வராகக் கொண்ட ஜென் மரபில் குருவிடமிருந்து மாணாக்கனுக்குத்தான் எல்லாம் போயிற்று. அந்த மரபின் ஆறாவது ஆசிரியர் ஹுய்நெங், தெற்கே விறகு விற்றுக்கொண்டிருந்த எழுதப் படிக்கத் தெரியாத ஏழை என்றும், மடத்தில் நெல் குத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆசிரியர் அவரைத் தேர்ந்தார் என்றும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மரபின் முதல்வரை எடுத்துக்கொண்டு இரத்தத்தின் மகிமையைப் பாடுவது, அவருக்கு இரண்டாவது முறை விஷம் வைப்பதாகும்.

இதோடு ஒப்பிட, 1978இல் ஹாங்காங்கில் லாவ் கார்-லியுங் இயக்கிய 'ஷாவோலினின் 36ஆவது அறை' என்ற படத்தைச் சொல்வேன். நண்பர் ஒருவர் கொடுத்த குறுந்தகட்டில் பார்த்தேன். அதுவும் கட்டுக்கதைதான், சரித்திரம் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தையும் நண்பர்களையும் கொடுமைக்காரரிடம் பறிகொடுத்த ஓர் இளைஞன் பழிவாங்கும் வெறியோடு மடத்துக்கு வருகிறான். எடுத்த எடுப்பில் உச்சாணி அறைக்குப் போகிறேன் என்கிறான். அங்கே கிழத் துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, தூக்கியெறியப்படுகிறான். பிறகு அடியிலிருந்து ஆரம்பிக்கிறான். சோறு தின்னப் போக வேண்டுமானால் தண்ணீரில் மிதக்கும் கட்டைகளின் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும். விழுந்தால் பட்டினி. தண்ணீர் வாளியைக் கையை நீட்டித் தூக்க வேண்டும். கை தாழ்ந்தால் கட்டியிருக்கும் கத்தி விலாவில் குத்தும். படத்தில் பாதிக்கு மேல் இதுதான். நமக்கு ஒரு நிமிஷம்கூடச் சலிப்பதில்லை. அவனுடைய கோபம் தண்ணீர் சுமந்து சுமந்தே கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் மாறுவதைக் கண்ணால் பார்க்கிறோம். முடிவில், முப்பத்தைந்து அறை போதாது, மடத்துக்கு வெளியே இருக்கிற சாதாரண ஜனங்களுக்காக முப்பத்தாறாவது அறை வேண்டும் என்கிறான். வித்தை கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறது. நம்முடைய படத்தில் அது ஒரு வம்சத்தின் இரத்தத்துக்குள்ளே பூட்டிக்கொள்கிறது.

சினிமாதானே, இதற்கு இவ்வளவு ஆத்திரமா என்று கேட்கலாம். எங்கள் மதுரைப் பக்கத்தில் இரத்தப் பெருமை சினிமாவோடு நிற்பதில்லை. ஆண்ட பரம்பரை என்று சுவரில் ஏறுகிறது. பிள்ளைகளின் மணிக்கட்டில் வண்ணக் கயிறாக ஏறுகிறது. சில சமயம் அரிவாளாக இறங்கவும் செய்கிறது. உன் வித்தை உன் இரத்தத்தில் இருக்கிறது என்று கம்பு பழகும் பையனிடம் சொல்வது எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அந்தப் பொட்டலில் எந்தத் தெருப் பிள்ளை என்று கேட்காமல் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார் வாத்தியார். முதலில் தரையைத் தொட்டுக் கும்பிட்டுச் சலாம் வரிசை. பிறகு மாசக்கணக்கில் காலடி. கையில் கம்பு கிடையாது. கால் சொன்னபடி கேட்ட பிறகுதான் கம்பு. அதற்கும் பிறகுதான் எதிராளி. செங் ட்ஸோங்யோவின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த நூலைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

மறு வருஷம் அதே விழாவுக்கு நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். போன வருஷம் நான் சொன்னது ஆதாரமில்லாத கதை என்று மேடையில் சொன்னேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. பதினாலு வயசுப் பையன் ஒருவன், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகன், எழுந்து நின்று, "அப்ப நாம யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கலையா சார்?" என்றான். அவன் குரலில் இருந்த ஏமாற்றம் என்னைச் சுட்டது. ஒரு பிள்ளையிடம் இருந்த ஒரே பணக்காரப் பொருளைப் பிடுங்கிவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 640ஆம் ஆண்டையொட்டித் தென்னாட்டைப் பற்றி எழுதிய யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாகச் சொல்கிறார். நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று சொல்பவரும் அவர்தான். 8ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து கடல் வழியே சீனம் போன வஜ்ரபோதி, அங்கே பேரரசர் காலத்து ஆசிரியர்களுள் ஒருவரானார். கையில் கம்பில்லாமல் ஏட்டோடு போனவர்கள் இவர்கள். நம் மதுரைக்கு வந்தால், மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் பசித்தவருக்குச் சோறிடும் அமுதசுரபியைப் பெறுவது இந்த ஊரில்தான். பௌத்தக் காப்பியம் மதுரையை நினைவில் வைத்திருப்பது ஒரு சோற்றுப் பாத்திரத்துக்காக. இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன; யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குச் சீனாவின் சிபாரிசு தேவைப்படவில்லை.

பையன் திருப்தியடைந்தான் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் எழுந்து மைக்கை வாங்கி, தம்முடைய வாத்தியார் பெயரையும், அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெயரையும், அவருக்கும் முந்தியவர் பெயரையும் சொன்னார். அதற்கு மேல் தமக்குத் தெரியாது என்றார். மூன்று பேரும் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் மாடு மேய்த்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள். பிறகு பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். அந்தப் பையனும் எழுந்து போய்த் தரையைத் தொட்டுக் கும்பிட்டு, காலடி வைக்கத் தொடங்கினான்.